மூட்டுக்கு இட்ட மருந்தும் கண்ணின் நரம்பும்



மூட்டு வியாதிக்குச் சிகிச்சை செய்கிறவன் கண்ணைப் பற்றிப் பேசப்போகிறான் என்று அறிவிப்பிலே கண்டவுடன், ஆள் மாறி வந்துவிட்டாரோ என்று உங்களில் சிலருக்கேனும் ஐயம் எழுந்திருக்கலாம். ஆனால் கடந்த கால் நூற்றாண்டாக, விரல் மடக்கமுடியாமலும் படியிறங்கமுடியாமலும் கிடந்த லட்சோபலட்சம் பேரை உலகெங்கும் எழுந்து நடமாடச் செய்த ஒரு மருந்து வகையானது, மிகச் சிலரிடத்தில், மூட்டுக்கும் தனக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாதது போலத் தோன்றும் பார்வை நரம்பிலே அழற்சியை உண்டாக்குவதாகச் சொல்லப்படுகிறது. இந்தக் கூற்றுக்குப் பிரமாணம் என்ன, அது எவ்வளவு தூரம் உறுதியானது, அந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருப்பவர் அறிந்திருக்க வேண்டியது யாது என்பனவே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம். முன்னதாகவே என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்: இந்த அபாயத்தில் அஞ்சத்தக்கது மருந்து அன்று, மூட்டைப் பார்க்கும் வைத்தியருக்கும் கண்ணைப் பார்க்கும் வைத்தியருக்கும் நடுவே, ஒருவர் செய்வதை மற்றவர் அறியாதபடி விழுந்து கிடக்கும் மௌனமே அஞ்சத்தக்கது.

முடக்கு வாதம் என்று புத்தகங்களிலும், சரவாங்கி என்று நம் பாட்டிமார் வாயிலும் வழங்கிவந்த வியாதியை நீங்கள் அறிவீர்கள். காலையில் எழுந்தால் விரல்கள் விறைத்துக் கிடக்கும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் சேலைக் கொசுவம் வைக்கவோ, குழாயைத் திருகவோ கை இசைந்து கொடுக்கும். இது வயதானதால் மூட்டு தேய்ந்து வரும் வலி அன்று. தேகத்தைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே திசை தவறி, மூட்டின் உட்சவ்வைப் பகையென்று கருதி இடைவிடாது தாக்குவதால் வருவது. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் விழுங்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையே இன்றளவும் இதற்கு முதல் மருந்து. பலருக்கு அதுவும், அதனுடன் சேர்ந்த ஓரிரண்டு மாத்திரைகளும் போதுமானவையாக இருக்கின்றன. போதாதவர்களுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு 1990 வரையில் வைத்திய சாஸ்திரத்திடம் திருப்தியான விடை இல்லை.

அந்த விடை வந்த வழி சுற்றுவழி. 1891-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து அறுவை வைத்தியரான வில்லியம் கோலி, சில நோயாளிகளிடம் கடுமையான கிருமித் தொற்றும் காய்ச்சலும் வந்துபோன பின் புற்றுக்கட்டி கரைந்திருப்பதைக் கவனித்து, கிருமிகளையே கட்டியில் ஊசியாகப் போட்டுப் பார்க்கத் தொடங்கினார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போய், 1975-இல் அதே நகரத்தில் லாய்டு ஓல்டு என்பவரும் அவருடைய சகாக்களும், தேகத்தின் உயிரணுக்களே சுரக்கும் ஒரு புரதம் எலிகளின் கட்டியைச் சாகடிப்பதைக் கண்டு அதற்கு டியூமர் நெக்ரோசிஸ் ஃபேக்டர் என்று பெயரிட்டார்கள், சுருக்கமாக டி.என்.எஃப். பத்தாண்டு கழித்து வேறொரு குழுவினர், நீண்ட நோயில் தேகத்தை உருக்கி எலும்பும் தோலுமாக்கும் பொருள் எதுவெனத் தேடிக்கொண்டே வந்து, அதுவும் இதே டி.என்.எஃப். தான் என்று கண்டபோது, கட்டியைக் கொல்லும் வீரன் என்று கொண்டாடப்பட்டது தேகத்தை எரிக்கும் நெருப்பாகவும் காட்சியளித்தது.

லண்டனில் கென்னடி ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி என்னும் இருவர் – இவர்களில் மைனி நம் பஞ்சாபின் லூதியானாவில் பிறந்தவர் – வாத நோயாளிகளின் மூட்டுச் சவ்வை எடுத்து ஆராய்ச்சிக் கூடத்தில் வளர்த்து, அதிலே சுரக்கும் பல அழற்சிப் பொருள்களுள் டி.என்.எஃப். ஒன்றை மட்டும் தடுத்தால் மற்றவையும் அடங்குகின்றன என்று 1989-இல் காட்டினார்கள். 1992-இல் சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரியில், மற்றெல்லா மருந்தும் கைவிட்ட 20 நோயாளிகளுக்கு அந்தப் புரதத்தைப் பிடித்துச் செயலற்றதாக்கும் ஊசியை இரத்தக் குழாயின் வழியே செலுத்தினார்கள். வாரக்கணக்கில், சிலரிடம் நாட்கணக்கில், வீக்கம் வடிந்தது. இவ்வகை ஊசிகளில் 1998-இல் எட்டனர்செப்டும், 1999-இல் இன்ஃப்ளிக்சிமாபும், 2002-இன் கடைசி நாளில் அடாலிமுமாபும் முடக்கு வாதத்துக்கென அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. 2014 டிசம்பரில் அடாலிமுமாபுக்கு ஒத்த மருந்து உலகிலேயே முதன்முதலாக நம் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அசலைவிட விலை குறைந்த அது வந்த பின்னர்தான் நடுத்தரக் குடும்பத்தார் பலர் இந்த ஊசியைப் பற்றிப் பேசவாவது துணிந்தார்கள்.

இனிக் கதையின் மறுபாதிக்கு வருகிறேன். என் கருத்தில் இதுவே அதிகம் நின்று பார்க்கத்தக்க பகுதி.

மூளையிலும் முதுகுத்தண்டிலும் ஓடும் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை ஒன்று இருக்கிறது. மின்கம்பிக்கு மேலே சுற்றிய ரப்பரைப் போன்றது அது. உறை உரிந்துவிட்டால் கம்பி அறாவிட்டாலும் செய்தி ஓடுவது தடைப்படும். இந்த உறையைத் தேகத்தின் எதிர்ப்புச் சக்தியே அங்கங்கே அரித்துவிடும் வியாதிக்கு மல்டிப்பிள் ஸ்கிளரோசிஸ் என்று பெயர். ஐரோப்பாவின் வட பகுதியில் அதிகமாகவும் நம் நாட்டில் குறைவாகவும் காணப்படுவது. அந்நோயாளிகளின் மூளைப் புண்களிலும் டி.என்.எஃப். இருப்பது தெரிந்திருந்தது, அதற்கு ஒப்பான வியாதியை எலிகளிடம் உண்டாக்கி டி.என்.எஃப்-ஐத் தடுத்தபோது எலிகள் தேறின. ஆகவே மூட்டை ஆற்றிய மருந்து மூளையையும் ஆற்றும் என்று எதிர்பார்த்ததில் யாரையும் குறைசொல்ல இடமில்லை. அந்த எதிர்பார்ப்பில் லெனர்செப்ட் என்னும் டி.என்.எஃப். தடுப்பு மருந்தை 168 நோயாளிகளிடம் பரிசோதித்தார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் ஊசி, யாருக்கு எது என்று நோயாளியும் அறியார், பரிசோதிக்கும் வைத்தியரும் அறியார். 1999-இல் முடிவு வெளியானபோது, மருந்து பெற்றவர்களுக்கே வியாதி அதிக முறையும், விரைவாகவும் திரும்பியிருந்தது. ஸ்கேன் படங்களில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க பேதம் காணப்படவில்லை என்பது இன்னொரு விசித்திரம். இதற்கு முன்பே 1996-இல், கடும் நிலையிலிருந்த 2 நோயாளிகளுக்கு இன்ஃப்ளிக்சிமாப் கொடுத்தபோது மூளையில் அழற்சி கூடியதாக ஓர் அறிக்கை வந்திருந்தது.

எலியிடம் நன்மை செய்தது மனிதரிடம் தீமை செய்தது என்று இதைச் சொல்லிக் கைகழுவிவிடுவது எளிது. அதைவிடப் பயனுள்ள கேள்வி வேறொன்று: மூளை வியாதியே இல்லாமல் மூட்டு வியாதிக்காக இந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு என்ன ஆகும்? அந்தக் கேள்விக்கு முதல் விடை 2001-இல் வந்தது. அமெரிக்க மருந்துக் கண்காணிப்பு இலாகாவுக்கு வைத்தியர்கள் அனுப்பிய பக்க விளைவு அறிக்கைகளைத் தேடி, மூட்டு நோய்க்காக இவ்வகை மருந்து எடுத்தபின் நரம்புறை பழுதானவர்கள் 19 பேரை ஒரு குழுவினர் திரட்டினார்கள். எட்டனர்செப்ட் எடுத்தவர்கள் 17 பேர். இன்ஃப்ளிக்சிமாப் எடுத்தவர்கள் 2 பேர். மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு முழுவதுமாகவோ ஓரளவோ குணம் தெரிந்தது. ஒருவரிடம் மீண்டும் மருந்தைத் தொடங்க, மீண்டும் தொல்லையும் வந்தது. இந்த ஒருவருடைய அனுபவம், எண்ணிக்கையில் சிறிதானாலும், காரண காரியத் தொடர்பை நிச்சயிப்பதில் மற்றப் பதினெட்டுப் பேரின் அனுபவத்தைவிடக் கனமானது என்பேன். அதன் பிறகு ஆண்டுதோறும் பார்வை நரம்பு அழற்சி பற்றிய தனித்தனி அறிக்கைகள் கண் வைத்தியப் பத்திரிகைகளில் வெளிவரலாயின.

இங்கே பார்வை நரம்பைச் சற்று அருகில் பார்ப்போம். விழித்திரையிலிருந்து கிளம்பும் சுமார் 10 முதல் 12 லட்சம் இழைகள் ஒன்றாகத் திரண்டு, கண்ணின் பின்புறத்தைத் துளைத்துக்கொண்டு, ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தூரம் ஓடி மூளையின் அடியில் சேர்கின்றன. பெயரளவில் நரம்பே தவிர, உண்மையில் இது மூளையின் ஒரு பகுதி வெளியே நீண்டு வந்தது. கண்ணை விட்டு வெளியேறிய இடத்திலிருந்து இதன் இழைகளுக்கு உறையாக இருப்பதும் மூளைக்குரிய மயலினே. ஆகையால்தான் மூளையின் உறையை அரிக்கும் வியாதி, பலரிடம் முதன்முதலில் கண்ணிலே முகங்காட்டுகிறது.

அது வரும் விதம் இப்படி: ஒரு கண்ணின் உள்ளே, ஆழத்தில், மந்தமான வலி. கண்ணை ஓரமாகத் திருப்பினாலோ மேலே உயர்த்தினாலோ வலி கூடும். ஓரிரு நாளில் பார்வையின் நடுப்பகுதி மங்கும். எதிரே நிற்பவரின் முகம் புகைக்குள் இருப்பது போலவும், சுற்றுப்புறம் தெளிவாகவும் தெரியும். ஒரு வாரத்துக்குள் மங்கல் உச்சத்தை அடையும். கண் சிவக்காது, பீளை தள்ளாது, கண்ணாடி முன் நின்று பார்த்தால் அந்தக் கண்ணுக்கு ஒரு குறையும் இருப்பதாகத் தோன்றாது. வைத்தியர் கருவியை வைத்து உள்ளே பார்த்தாலும், மூன்றில் இரு பங்குப் பேரிடம் நரம்பின் தலை சாதாரணமாகவே காணப்படும். அழற்சி அதற்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது. நோயாளியும் ஒன்றும் காணார், வைத்தியரும் ஒன்றும் காணார் என்று கண் வைத்தியர்கள் தங்களுக்குள் நெடுங்காலமாகச் சொல்லிக்கொள்ளும் வேடிக்கை இதைக் குறித்தே எழுந்தது.

ஆனால் சோதனை அறிந்தவருக்கு இது மறைந்திருக்க முடியாது. சாதாரண மருந்துப் புட்டியின் சிவப்பு மூடி ஒன்றை எடுத்து ஒரு கண்ணைப் பொத்திக் காட்டுங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பொத்திக் காட்டுங்கள். நல்ல கண்ணுக்குக் குங்குமச் சிவப்பாய்த் தெரிந்த மூடி, அழற்சியுற்ற கண்ணுக்கு வெளிறிய செங்கல் நிறமாகவோ, சில வேளை பழுப்பாகவோ தெரியும். இன்னொன்று கைவிளக்குச் சோதனை. இருட்டறையில் நல்ல கண்ணில் ஒளியைப் பாய்ச்சினால் இரண்டு கண்மணிகளும் சுருங்கும். உடனே விளக்கை மறுகண்ணுக்கு நகர்த்தினால், ஒளி விழுந்துகொண்டிருக்கும்போதே இரண்டும் விரியும். ஒளியைக் கண்டு கண்மணி விரிவதா என்று முதலில் பார்க்கிறவர் திகைப்பார். பழுதுபட்ட நரம்பு ஒளியின் செய்தியைக் குறைத்துச் சொல்லுவதால், மூளை இருட்டு வந்ததென்று எண்ணிவிடுகிறது என்பதே அதன் ரகசியம். ஸ்காட்லாந்து நாட்டு மார்க்கஸ் கன் என்பவர் பெயரால் இக்குறி வழங்குகிறது. பல லட்சம் ரூபாய்க் கருவிகள் நிறைந்த இக்காலத்திலும், ஒரு கைவிளக்கு அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவதை அவை சொல்லத் தாமதிப்பதுண்டு. தேறிய பின்னும் சிலருக்கு வெயிலில் நடந்தாலும் வெந்நீரில் குளித்தாலும் சற்று நேரம் பார்வை மங்கித் திரும்பும். 1890-இல் ஊட்ஹாஃப் என்னும் ஜெர்மானியர் எழுதிவைத்த இந்த விஷயத்தை, சித்திரை வெயில் காலத்தில் நம்மூர் நோயாளிகள் கேட்காமலே சொல்வார்கள்.

இவ்வளவு கேட்டபின், நான் போட்டுக்கொள்ளும் ஊசியால் எனக்கு இது வரும் வாய்ப்பு எவ்வளவு என்று நீங்கள் கேட்பது நியாயம். 2013-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, 60,000-க்கு மேற்பட்டோரின் வைத்திய ஆவணங்களைத் துருவிப் பார்த்து, டி.என்.எஃப். தடுப்பு மருந்தைப் புதிதாகத் தொடங்கியவர்களுள் 3 பேருக்கே பார்வை நரம்பு அழற்சி வந்ததாகக் கண்டது. முடக்கு வாதக்காரர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், பழைய மாத்திரைகளை எடுத்தவர்களுக்கும் ஊசி எடுத்தவர்களுக்கும் பேதம் இல்லை என்றும் அது சொல்லிற்று. மறுபுறம், 2020-இல் மாயோ கிளினிக்கைச் சேர்ந்தவர்கள், மூட்டு வாதம் முதலான வியாதி உள்ளவர்களுள் மூளை நரம்பு மண்டலத்தில் அழற்சி வந்த 106 பேரையும் வராத 106 பேரையும் எதிரெதிரே நிறுத்தி ஒப்பிட்டபோது, முன்னவர்களிடம் இந்த மருந்தின் தொடர்பு மும்மடங்கு அதிகமாக இருக்கக் கண்டார்கள். இரண்டும் ஒன்றை ஒன்று மறுப்பனவாகத் தோன்றும். நான் அவ்வாறு கொள்ளவில்லை. மிக அபூர்வமான ஒரு விபத்தானது மும்மடங்கு ஆனாலும் அபூர்வமாகவே இருக்கும். அத்தகைய பேதத்தை ஆயிரங்களில் தேடினால் அகப்படாது. அன்றியும், தன் எதிர்ப்புச் சக்தியே தன்னைத் தாக்கும் ஒரு வியாதி உள்ளவருக்கு அதே இனத்து இன்னொன்று வருவது மருந்தில்லாமலும் நடக்கக்கூடியதே; எனவே ஒரு தனி நோயாளியைக் காட்டி, இது மருந்தால் வந்ததா, வரவேண்டியது வந்ததா என்று கேட்டால், சத்தியம் செய்து சொல்லக்கூடியவர் ஒருவரும் இலர்.

எனினும் மருந்து நிரபராதி என்று நான் தீர்ப்புச் சொல்லாததற்குக் காரணம், இதன் உள்விளக்கம் வரவரத் துலங்கி வருவதுதான். டி.என்.எஃப். போய்ப் பற்றும் வாசல்கள் உயிரணுக்களில் இரண்டு உண்டு. முதல் வாசல் வழியாக அது அழற்சியை மூட்டுகிறது. இரண்டாம் வாசல் வழியாகவோ, அரிக்கப்பட்ட மயலினை மீண்டும் நெய்யும் அணுக்களைப் பெருகச் செய்கிறது. 2001-இல் எலிகளிடம் இது நிரூபணமாயிற்று. இன்று வழக்கத்தில் உள்ள ஊசிகள் இரு வாசலையும் ஒருசேர அடைப்பவை. மூட்டிலே எரிப்பவனையும் நரம்பிலே நெய்பவனையும் அவை பிரித்தறியமாட்டா. இதைவிட வியப்பான சான்று 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்களிடமிருந்து வந்தது. மல்டிப்பிள் ஸ்கிளரோசிஸ் வரும் வாய்ப்பைக் கூட்டும் மரபணு மாற்றம் ஒன்றை ஆராய்ந்தபோது, அம்மாற்றம் உடையவர்களின் தேகமே முதல் வாசலின் துண்டம் ஒன்றை வெளியே மிதக்கவிட்டு, டி.என்.எஃப்-ஐப் பிடித்து முடக்குகிறது என்று கண்டார்கள். அதாவது, மருந்துக் கம்பெனி ஊசியில் அடைத்துக் கொடுப்பதை இயற்கை சிலருக்குப் பிறவியிலேயே கொடுத்து, அதே தீங்கையும் விளைவித்திருக்கிறது.

இதே மருந்தின் இன்னொரு முகத்தையும் காட்டாவிட்டால் அதற்கு அநீதி செய்தவனாவேன். கண்ணின் நடு உறையில் வரும் அழற்சியாகிய யுவியைட்டிஸ் என்பது, முதுகெலும்பு வாதம் உள்ளவர்களிடமும், மூட்டு வாதம் வந்த சிறு குழந்தைகளிடமும் அடிக்கடி காணப்படுவது. குழந்தைகளிடம் வலியோ சிவப்போ இன்றி ஓசைப்படாமல் பார்வையைத் தின்றுவிடுவது. 2016-இல் கிருமியினால் வராத யுவியைட்டிஸுக்கு அடாலிமுமாப் அங்கீகாரம் பெற்றது. மறு ஆண்டு வெளியான ஒரு பரிசோதனை, வாதக் குழந்தைகளின் கண்களை அது காப்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டிற்று. கண்ணைக் கெடுக்கும் மருந்து என்று யாரேனும் சொல்லக் கேட்டு, குழந்தைக்குப் போட்டுவரும் ஊசியை நிறுத்துகிற தாய் தந்தையர், அபூர்வமான அபாயத்துக்கு அஞ்சி நிச்சயமான அபாயத்தில் குழந்தையைத் தள்ளுகிறவர்கள் ஆவார்கள்.

சரி, மௌனம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு வருவோம். கண் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பகுதியில் தினந்தோறும் நடக்கும் உரையாடல் இது: “அம்மா, என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?” “சுகருக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு, ராத்திரி கால்சியம் ஒண்ணு டாக்டர்.” அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வயிற்றிலோ தொடையிலோ மகன் போட்டுவிடும் ஊசி, அவர் கணக்கில் மாத்திரை அன்று; எட்டு வாரத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் படுத்து ஏற்றிக்கொள்ளும் பாட்டிலோ, மருந்தென்றே அவர் நினைவில் நிற்பதில்லை. கேட்டவரும் மாத்திரை என்றுதான் கேட்டார். கண் நோவு என்று மூட்டு வைத்தியரிடம் சொல்ல அவருக்குத் தோன்றுவதில்லை. முட்டி வலிக்கு ஊசி போடுகிறேன் என்று கண் வைத்தியரிடம் சொல்லவும் தோன்றுவதில்லை. இப்படியாக, மருந்து நிறுத்தப்பட வேண்டிய வாரத்தில் இன்னொரு ஊசியும் உள்ளே போய்விடுகிறது.

இதனோடு சேர்ந்த மயக்கம் இன்னொன்று. வாத நோயாளிகள் பலர் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரைக்காகக் கண் பரிசோதனைக்குப் போய்வருகிறவர்கள். அந்தப் பரிசோதனை விழித்திரையைப் பார்ப்பது. ஆண்டுக்கணக்கில் மெல்லச் சேரும் கெடுதலை முன்கூட்டிக் கண்டுபிடிப்பது. நரம்பழற்சியோ நாட்கணக்கில் வருவது. அதை முன்னறிவிக்கும் பரிசோதனை எதுவும் இல்லை. போன மாதம்தான் கண்ணைக் காட்டினேன், நன்றாக இருக்கிறதென்றார்கள் என்று சும்மா இருந்துவிடுவதற்கு அந்த நற்சான்று ஆதாரமாகாது.

வேறொரு வழக்கம் உண்டு. அதை நான் சற்றுக் கண்டிப்பாகவே பேசுவேன். நம் வாத நோயாளிகள் வீட்டில் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை எப்போதும் இருக்கும். வலி கூடினால் தாமே ஒன்றைக் கூட்டிப் போட்டுக்கொள்வார்கள். கண் வலிக்கும் அதையே செய்துகொள்ளத் துணிகிறவர்கள், 1992-இல் வெளியான ஒரு பெரிய பரிசோதனையின் முடிவை அறியவேண்டும். அமெரிக்காவில் 15 மருத்துவ நிலையங்களில், பார்வை நரம்பு அழற்சி வந்த 457 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 3 நாள் இரத்தக் குழாய் வழியாக அதே இனத்து மெத்தில்பிரெட்னிசோலோனும் தொடர்ந்து பிரெட்னிசோலோன் மாத்திரையும், இரண்டாம் பிரிவுக்கு மாத்திரை மட்டும், மூன்றாம் பிரிவுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். இரத்தக் குழாய் வழியாகப் பெற்றவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பிற்று. ஆறு மாதம், ஓராண்டு கழித்துப் பார்க்கையில் மூன்று பிரிவுக்கும் பெரிய பேதம் இல்லை. ஆனால் சாதாரண அளவில் மாத்திரை மட்டும் விழுங்கியவர்களுக்கு, ஒன்றுமே பெறாதவர்களைக் காட்டிலும் அழற்சி மீண்டும் மீண்டும் வந்தது. யாரும் எதிர்பாராத இந்த முடிவுக்கு முழு விளக்கம் இன்றும் தர்க்கத்தில் உள்ளது. அந்த 457 பேரும் மூட்டு ஊசி எடுத்தவர்கள் அல்லர் என்பது மெய்யே. ஆயினும் வேறு வழிகாட்டி இல்லாதபோது இதையே நாம் பின்பற்றுகிறோம். மருந்தை நிறுத்தி, மூளையையும் கண்குழியையும் எம்.ஆர்.ஐ. எடுத்து, அவசியமானால் ஆஸ்பத்திரியில் நாளுக்கு 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாள் மெத்தில்பிரெட்னிசோலோனை இரத்தக் குழாய் வழியாக ஏற்றுவதே இன்றைய நடைமுறை. நம் நாட்டில், நியூரோமையலைட்டிஸ் ஆப்டிகா என்னும் கடுமையான வேறு வியாதியும் இவ்வேடத்தில் வருவதால், அதற்குரிய இரத்தப் பரிசோதனையையும் தவறவிடக்கூடாது. அதன் நீண்டகாலச் சிகிச்சை வேறு.

நம் நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று மீதமிருக்கிறது. க்ஷயரோகக் கிருமி நம்மில் பலர் தேகத்தில் உறங்கிக் கிடக்கிறது. அதைச் சுற்றி அரண் கட்டிக் காப்பதும் இதே டி.என்.எஃப். தான். ஊசியால் அதைத் தடுத்தால் அரண் இடிந்து கிருமி வெளிவரலாம் என்பது, இன்ஃப்ளிக்சிமாப் எடுத்த 70 பேருக்கு க்ஷயம் வந்ததாக 2001-இல் வெளியான அறிக்கைக்குப் பின் உலகம் அறிந்த செய்தி. ஆகையால்தான் ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்-ரேயும், அதனோடு மாண்டோ என்னும் தோல் பரிசோதனையோ இரத்தப் பரிசோதனையோ செய்கிறார்கள். இதையும் மீறி க்ஷயம் வந்துவிட்டால் கொடுக்கப்படும் நான்கு மருந்துகளுள் ஒன்றாகிய எத்தம்ப்யூட்டால், தானே பார்வை நரம்பைக் கெடுக்க வல்லது! இப்போது ஒருவருக்குப் பார்வை மங்கினால் குற்றவாளி எது? பேதம் காணும் வழி உண்டு: எத்தம்ப்யூட்டால் பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தபின், வலி இல்லாமல், இரண்டு கண்களையும் ஒருசேர மங்கச் செய்து, சிவப்பு பச்சை நிறபேதத்தைக் கெடுக்கும், அழற்சியோ ஒரு கண்ணில், வலியோடு, சில நாளில் வரும். ஆனால் இரு வியாதிக்கும் இரு வேறு ஆஸ்பத்திரிகளில் இரு வேறு சீட்டு வைத்திருப்பவரிடம் இந்தப் பேதத்தைக் காண, இரண்டு சீட்டையும் ஒரே மேஜைமேல் விரித்துப் பார்க்கும் ஒரு வைத்தியர் வேண்டும்.

ஊசியைத் தொடங்கு முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் அதிகம் இல்லை. முன்பு எப்போதாவது ஒரு கண் மங்கித் தானாகத் தெளிந்ததுண்டா, கை கால் மரத்துப் பலநாள் கிடந்ததுண்டா, பெற்றோரிலோ உடன்பிறந்தாரிலோ மல்டிப்பிள் ஸ்கிளரோசிஸ் உள்ளவர் உண்டா – இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்ற விடை வந்தாலும் வைத்தியர் வேறு மருந்தை நாடுவார். எல்லோருக்கும் முன்கூட்டியே மூளை ஸ்கேன் எடுக்க வேண்டுவதில்லை.

இறுதியாக, அழற்சி வந்து தேறியவர்கள் கேட்கும் கேள்வி: கண் சரியாகிவிட்டது, மூட்டு மறுபடி வீங்குகிறது, பழைய ஊசியையே தொடங்கலாமா, அல்லது அதே இனத்தில் வேறு கம்பெனியின் ஊசியைப் போடலாமா? இரண்டும் ஆகாது. மீண்டும் தொடங்கியதும் தொல்லை திரும்பிய அந்த ஒருவரை நினைவில் வையுங்கள். பெயர் வேறானாலும் இவையாவும் தடுப்பது ஒரே புரதத்தைத்தான். ஆனால் கதி இல்லை என்று கலங்க வேண்டியதும் இல்லை. டோசிலிசுமாப், அபாட்டசெப்ட் முதலிய வேறு வழியில் செல்லும் மருந்துகள் இருக்கின்றன. இரண்டு வார இடைவெளியில் இரு முறை ஏற்றி, ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்பச் செய்யும் ரிட்டுக்சிமாப், மூட்டு வாதத்தை அடக்குவதோடு மல்டிப்பிள் ஸ்கிளரோசிஸிலும் பயன்பட்டு வருவதால், இத்தகைய நோயாளிக்கு மூட்டு வைத்தியரும் நரம்பு வைத்தியரும் கூடி ஆலோசிக்கையில் பெரும்பாலும் முதலில் எண்ணுவது அதனையே. அதைத் தொடங்குமுன் ஹெபடைட்டிஸ் பி என்னும் கல்லீரல் கிருமிக்கு இரத்தப் பரிசோதனை கட்டாயம் செய்துகொள்ள வேண்டும். உறங்கும் அக்கிருமியை அந்த மருந்து எழுப்பிவிடக்கூடும்.